பைன் பெட்டி

இழைப்பு மெஷின் போட்ட கூச்சலில் கிளாரா கூப்பிட்டது ஜெபதாஸின் காதில் விழவில்லை. அவளே போய் சுவிட்சை அணைத்தாள். வீட்டில் புருஷன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, பெண்டாட்டி ஒரகடம் ரோட்டு மரக்கிடங்கில் வந்து நிற்கிறாளே என்று அவர் பதறிப்போனார். செத்தவன் அவருடைய தம்பி அமலன். காலையில் லாரியிலிருந்து மரம் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

"இன்னாம்மா, வூட்டாண்ட ஜனங்க வந்துகினு கீறாங்க, நீ இங்க வந்து நிக்கற?"

"பெட்டி எதுல செய்றீங்க மாமா?"

"ஓக்கு மரம். ஜெர்மன் மெஷினுக்கு அடியில வந்த சட்டம். ஒரு முடிச்சு கீதா பாரு! என் தம்பிக்கு இல்லாம வேற யாருக்கு?" சொல்லிக்கொண்டே பலகையைத் தடவிக் காட்டினார்.

"வேணாம் மாமா. பைன்ல செய்ங்க."

வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கும் மரப்பெட்டிகளைக் கம்பெனிகளிடம் மொத்தமாக எடுத்து, பிரித்து, பலகையாக்கி விற்பதுதான் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தொழில். கிளாராவும் இருபது வருஷம் கூடவே உட்கார்ந்து ஆணி பிடுங்கியவள். மரத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பைன் லேசு. ஆணி வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கும். கட்டில், அலமாரி என்று ஆசாரிகள் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆனால் மண்ணில் போட்டால் கரையானுக்குக் கொண்டாட்டம்தான். ஓக்கு அப்படியில்லை. துளை போடாமல் அடித்தால் ஆணிதான் வளையும். கிடங்கு வாசல் கால்வாய்க்குக் குறுக்கே போட்ட பைன் பலகையை மூன்று தடவை மாற்றினார்கள். நாலாவதாக அமலன் ஒரு ஓக்குச் சட்டத்தைத் தூக்கிப் போட்டான். பதினோரு மழைக்காலம் ஆயிற்று, இன்னும் அதன்மேல்தான் வண்டி போகிறது.

ஜெபதாஸின் முகம் சுண்டிப்போனது. "சரக்கு அடுக்கற பேலட் மரத்துலயா என் தம்பிய அனுப்பறது? ஊரு காறித் துப்பும்மா."

"துப்பட்டும்."

"காரணத்த சொல்லேன்!"

கிளாரா மரத்தூளைக் காலால் ஒதுக்கினாள். இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நம்ம கல்லறையில குடும்பத்துக்கு ஒரு குழிதானே மாமா?"

அது வாஸ்தவம். மண்ணூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று பக்கமும் கம்பெனி மதில். புதுக் குழிக்கு இடம் கிடையாது. பத்து வருஷம் கழித்து அதே குழியைத் திறந்து, எலும்பை ஒதுக்கிவிட்டு அடுத்தவரை வைப்பார்கள். உள்ளே பெட்டி மக்காமல் கிடந்தால் அப்படியே மூடிவிடுவார்கள். அடுத்து சாகிறவர், படப்பை தாண்டிக் கோயில் புதிதாக வாங்கிய நிலத்துக்குத்தான் போகவேண்டும்.

"ஓக்குல வெச்சா பத்து வருஷத்துல அது அசையுமா? எனக்கோ சக்கரை. என்னை எங்கியோ கொண்டுபோய் போட்ருவாங்க. அவரு இல்லாத எடத்துல தனியா கெடக்கணும்னா பயமா கீது மாமா." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

ஜெபதாஸ் இழைத்து வைத்திருந்த பலகைகளைத் தம் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு பைன் அடுக்கிடம் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார்.

மூன்று மணிக்குள் பெட்டி தயார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கைகாரர். கம்பெனி முத்திரை ஒன்றுகூடத் தெரியாமல் இழைத்து, நான்கு மூலையும் பிசிறில்லாமல் சேர்த்திருந்தார். வீட்டுக்குள் அதை இறக்கியபோது நாத்தனார் லூர்தம்மாள் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் ஓக்குலதான் ஆரம்பிச்சாராம். மகராசி போய் நிறுத்திட்டாளாம். நல்ல பலகைய வித்துக்கலாம்னு பாத்தா போல," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கிளாரா பெட்டிக்குள் வெள்ளைத் துணியை விரித்தாள். ஜெபதாஸ் தங்கையை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பெட்டி லேசாக இருந்ததால் தூக்கியவர்கள் வழியில் தோள்கூட மாற்றவில்லை. ஃபாதர் ஜெபித்து முடித்துத் தீர்த்தம் தெளித்தார். குழிவெட்டி நடேசன் கயிற்றைத் தளர்த்த, பெட்டி நடுக்குழியில் போய் அமர்ந்தது. மண் போட எல்லாரும் குனிந்தார்கள்.

"இருங்க," என்றார் ஜெபதாஸ். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபத்திரண்டு வயதில் குழிக்குள் இறங்கினார். முதுகை மண்சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பெட்டியைத் தள்ளினார்.

"நடுவுல கரெக்டாதானே கீது சார்?" என்றான் நடேசன்.

"ஓரமா இருக்கட்டும்," என்று மேலே நின்ற கிளாராவை நிமிர்ந்து பார்த்தார் ஜெபதாஸ்.

பெட்டி மதில் பக்கமாக ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு முழம் இடம் விழுந்தது. ஓர் ஆள் படுக்கப் போதாது. ஜெபதாஸ் அதில் உதிர்ந்து கிடந்த மண்கட்டிகளைப் பொறுக்கி வெளியே எறிந்தார். உள்ளங்கையால் இரண்டு தடவை நிரவினார். பிறகு மேலே ஏறுவதற்கு நடேசனிடம் கையை நீட்டினார்.