முகைதீன்பாவா தேய்ந்த வருடங்கள்

எண்பத்தோராம் ஆண்டு, பிறை இருபத்தெட்டு, ஒரு வியாழக்கிழமை அசர் தொழுகைக்குச் சற்று முன்னர், கல்முனைக்குடி நெல் ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசில் முகைதீன்பாவா ஏறி நின்றார். அவருடைய நிறை ஆறு இறாத்தல். அதில் சாரனுக்கும் தோல் பட்டிக்குமே இரண்டு இறாத்தல் போகும். ஆலைக்காரன் பளீல், தராசில் பழுதோ என்று அவரை இறக்கிவிட்டு ஒரு மூட்டையை ஏற்றிப் பார்த்தான். மூட்டை சரியாகவே நின்றது. "காக்காக்கு மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூட்டைக்கு ஆளைக் கூப்பிட்டான். அவரைத் தராசில் ஏற்றியவள் அவருடைய மனைவி ஸகியா. அவள் ஆச்சரியப்படவில்லை. பீப்பாவில் நெல் அவித்து, காயவைத்து, தலையில் சுமந்து பிழைக்கிறவள். ஒரு மூட்டையில் நெல் குறைந்தால் அது காற்றோடு போவதில்லை, வேறொரு மூட்டைக்குள்தான் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மனிசனும் அப்படித்தான். இங்கே குறைகிறவர் எங்கேயோ கூடிக்கொண்டிருக்கிறார். எந்த வீட்டில் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இது எழுபத்தெட்டுச் சூறாவளியோடு வந்தது. முகைதீன்பாவா அப்போது நாவிதன்வெளிப் பக்கம் ஒரு போடியாரின் வயலில் கூலிக்கு நின்றார். கூட நின்றவர் வீரமுனைத் தம்பையா. காற்று வயல் வாடியைத் தூக்கிக்கொண்டு போக, இருவரும் ஒரு தகரம் அவலோடு மருத மரத்தில் ஏறினார்கள். வெள்ளம் வடியப் பத்து நாள் பிடித்தது. மரத்தில் என்ன நடந்தது என்பதை இருவருமே தங்கள் வீடுகளில் சொல்லவில்லை. ஆனால் முகைதீன்பாவா அதற்குப் பிறகு பிறை பார்த்துத்தான் உண்டார். தலைப்பிறை அன்று ஒரு பிடி சோறு, மறுநாள் இரண்டு பிடி, பறுவத்துக்குப் பதினைந்து. பிறகு நாளுக்கொரு பிடி குறைந்து அமாவாசையன்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிடிக்கும் பிஸ்மி சொன்னார். நிய்யத்து, மனசில் வைத்த நேர்ச்சை என்று மட்டும் சொன்னார்.

எழுபத்தொன்பதில் தோல் பட்டியில் புதிதாக நாலு துளை விழுந்தது. எண்பதில் தேய்பிறை முடிகிற நாட்களில் அவர் கடற்கரைக்குப் போவதை நிறுத்தினார். கச்சான் காற்று இரண்டு தடவை அவரைக் கடலுக்குள் தள்ளிப் பார்த்துவிட்டது. அதேபோல் பறுவத்தில் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் இரண்டு ஆளின் அகலத்துக்கு வந்தார். எண்பத்தோராம் ஆண்டிலிருந்து அமாவாசையன்று அவர் இல்லாமலே போனார். சாரன் பாயில் முடிச்சு அவிழாமல் கிடக்கும். மறுநாள் மஃரிபுக்குப் பிறை தெரிகிற நேரம் வாழை நார் மாதிரி அதற்குள் வந்து படுத்திருப்பார். அவருடைய வலது கையில் நல்லெண்ணெய் மணக்கும். ஸகியாவின் அடுப்பில் தேங்காயெண்ணெய்தான்.

வீடு ஸகியாவுடையது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளை வந்து குடியிருந்தவர். அவருடைய தகரப் பெட்டியை வாசலில் வைத்தால் போதும், கதை முடிந்துவிடும். பக்கத்து வளவு மைமூனா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "காணாமப் போற ஆம்புளை வேற எங்ககா போவான்? நோன்பு புடிக்கவா? ஊர்ல நல்ல மனிசரெல்லாம் பதின்மூணு, பதினாலு, பதினஞ்சாம் பிறையில நோன்பு புடிக்க, உன்ட மனிசன் அண்டைக்குத்தான் பதினஞ்சு புடி தின்றார். எல்லாம் தலகீழ்." ஸகியா அடுத்த பிறை இருபத்தெட்டில் கதவைப் பூட்டி, வீட்டைச் சுற்றி உமிச் சாம்பலைத் தூவிவிட்டு வாசற்படியில் குந்தியிருந்தாள். இரண்டு நாளும் சாம்பலில் ஒரு கோழியின் காலடி மட்டும் விழுந்தது. அதனால் அவளுடைய சந்தேகம் கூடியது. தடம் விடாமல் போய்வரப் பழகியவன் புதிதாகத் தொடங்கியவனாக இருக்க முடியாது.

பள்ளிவாசலில் விசாரணை வைத்தார்கள். ஒரு நாள் இல்லாமற்போகிறவரின் மனைவி அந்த ஒரு நாளைக்கு விதவை மாதிரி இத்தா இருக்க வேண்டுமா என்று லெப்பை கேட்டார். அப்படி ஒரு இத்தா கிதாபில் இல்லை என்று முடிவாயிற்று. பிறகு கச்சிமுகம்மது மரைக்கார் குர்ஆனைக் கொண்டுவரச் சொன்னார்.

"வேற பொண்டாட்டி இல்ல, வேற ஊடும் இல்லண்டு சத்தியம் பண்ணு."

"பொண்டாட்டி இல்ல. அதுக்குப் பண்ணுவன் மரைக்கார். ஊடு இல்லண்டு பண்ண மாட்டன்."

"அப்ப எங்கடா போற?"

"எனக்கே தெரியா. பசியோட போறன், வயிறு நிறைஞ்சு வாறன்."

இதற்கு மேல் சாட்சி எதற்கு என்று சபையில் ஒருவர் எழுந்தே விட்டார். அடுத்த அமாவாசைக்கும் அவர் வீட்டில் இல்லையென்றால் பெட்டி வாசலுக்கு வரும், விவாகம் காதியாரிடம் போகும் என்று தீர்ந்தது. முகைதீன்பாவா தேய்பிறை தொடங்கியதும் வழமைபோல ஒரு பிடியைக் குறைத்தார்.

அந்த அமாவாசைக் காலையில் பாயில் சாரன் கிடந்தது. ஸகியா பெட்டியை வாசல்வரை இழுத்தாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு சம்மாந்துறை பஸ்ஸில் ஏறினாள். நல்லெண்ணெய் ஊற்றிச் சமைக்கிற வீடுகளில் அவருக்குப் பழக்கமானது ஒன்றுதான். பிடித்தால் தாடியில் பிடித்துத்தான் இழுத்து வருவது என்று இருந்தாள். வீரமுனையில் தம்பையாவின் படலையைத் தள்ளும்போது பகல் பன்னிரண்டு மணி. தம்பையாவின் மனைவி அன்னப்பிள்ளை அகப்பையோடு வந்து நின்றாள்.

"ஆரு புள்ள நீ?"

"முகைதீன்பாவாட பொஞ்சாதி."

"வந்திட்டியா? நானே உன்னட்ட வர இருந்தனான். பறுவத்துக்குப் பறுவம் என்ட மனிசனைக் காணல்ல. உங்கட ஊரில ஆருக்கிட்ட வச்சிருக்கிறியள்?"

"உங்கட மனிசன் எங்களுக்கு என்னத்துக்கு அக்கா? எனக்கு என்டவரையே காணல்ல."

உள்ளே தம்பையா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறை வாசலை நிறைத்து, இரண்டு ஆள் அகலத்துக்கு இருந்தார். ஸகியாவைக் கண்டதும் கை நின்றது. ஒளிக்க ஏலாது என்று தெரிந்ததும் சொன்னார். மரத்தில் அவருக்குக் காய்ச்சல். தேய்பிறை நாட்கள். முகைதீன்பாவா நாளுக்கொரு பிடியாகத் தன் பங்கைக் குறைத்து அவருக்குத் தீத்தினார். அமாவாசையன்று தான் ஒன்றும் தின்னவில்லை. தலைப்பிறையில் காய்ச்சல் விட்டதும் தம்பையா ஒரு பிடியைத் திருப்பிக் கொடுத்தார், மறுநாள் இரண்டு. இறங்கும்போது இருவரும், அவரவர் ஆண்டவனை வைத்து, உயிருள்ள மட்டும் இப்படியே உண்பதென்று நேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு ஏறும்போது மற்றவருக்கு இறங்கும்.

சொல்லிவிட்டுத் தம்பையா மறுபடி சோற்றில் கைவைத்தார். முருங்கைக்காயைச் சப்பி, சக்கையைப் பீங்கானின் இடது விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். மற்ற நாட்களில் அவர் அதைத் துப்புகிறவர், அமாவாசைக்கு மட்டும்தான் இந்த அடுக்கு என்று அன்னப்பிள்ளை சொன்னாள். ஸகியா பதினெட்டு வருடமாகத் தன் வீட்டுப் பீங்கானில் அந்த வரிசையைத் தட்டிக் கழுவியவள். பிறகு அன்னப்பிள்ளையின் கையிலிருந்த அகப்பையை வாங்கி, பீங்கானில் சோறு போட்டாள்.

"மெல்லமாத் தின்னுங்க. ஊட்டுக்கு வாங்க, மறுகா கதைக்கிறன்."

தம்பையா தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார்.

வீடு திரும்பிப் பெட்டியை உள்ளே இழுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை அவளே பள்ளிவாசலுக்குப் போனாள். "என்னகா, அவன் எங்க போறான்?" என்றார் மரைக்கார். "சாப்பிடப் போறார்." "ஆர்ர ஊட்ட?" "கூட்டாளிட ஊட்ட." "அங்க பொம்புளை இரிக்காளா?" "இரிக்கா. அவக்கு என்னை விடக் கோவம்." மரைக்கார் விசாரணையை முடித்தார். கூட்டாளி வீட்டில் உண்பதற்குத் தடையில்லை.

எண்பத்தைந்தில் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் கலவரம் மூண்டு, பாதைகளில் மரங்களைத் தறித்துப் போட்டார்கள். சம்மாந்துறை பஸ் நின்றது. மாதக்கணக்கில் அந்த ஊரார் இந்தப் பக்கமோ, இந்த ஊரார் அந்தப் பக்கமோ தலை காட்டவில்லை. முகைதீன்பாவா அமாவாசைக்குப் போனார், தம்பையா பறுவத்துக்கு வந்தார். பாதையால் போகாதவர்களை யாராலும் மறிக்க முடியவில்லை. ஆனால் சந்திக்குச் சந்தி ஆட்கள் நின்று வருகிறவர் போகிறவரை உற்றுப் பார்த்த காலம் அது. மைமூனாவும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பதினைந்தாம் பிறை வெள்ளிக்கிழமையில் வந்தது. மைமூனா ஒரு கோப்பை மாட்டிறைச்சிக் கறியோடு வந்தாள். ஸகியா வாங்கி, மூடி, எட்டாத உயரத்தில் வைத்தாள்.

"ஏன்கா, ஆறப் போகுது. மச்சானுக்குக் குடன்."

"நாளையிண்டைக்குத் திம்பம் ராத்தா. இண்டைக்கு ஊட்ட ஆள் இரிக்கி."

மைமூனா எட்டிப் பார்த்தாள். முகைதீன்பாவா மட்டும்தான் இருந்தார், அகலமாக, மீன் கறியும் சோறும் தின்றுகொண்டு. ஸகியாவின் அடுப்பில் பறுவத்துக்கு மாட்டிறைச்சி ஏறாமல் அப்போதே நாலு வருடமாகியிருந்தது. வீரமுனையில் அன்னப்பிள்ளையின் தம்பி காட்டுப்பன்றி இறைச்சி கொண்டு வருகிறவன். அமாவாசையில் வந்தால் அவள் அவனைப் படலையோடு திருப்பி அனுப்பினாள். அந்த ஒரு நாளுக்கென்று பன்றி படாத புதுச் சட்டி ஒன்றை வாங்கி, உறியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தாள்.