பிடித்தவனுக்குப் புள்ளி கிடையாது

நாற்பது சொல் எழுதச் சொன்னார்கள். நாற்பதே நாற்பது. கல்லூரி நூலக வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். "நீங்கதான் சார் துறைத்தலைவர், உங்க வீட்டுல இருந்ததையே முதல்ல வைப்போம். ஒரு போட்டோ, நாற்பது சொல்லுல ஒரு அட்டை, அது போதும்" என்றார் நூலகர். கரும்பு தின்னக் கூலியா என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் பதின்மூன்று வயதில் நான் எடுத்த நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது புள்ளிகளைப் பற்றி, முதலாண்டு மாணவர்களிடம் வருடம் தவறாமல் சொல்லிவருகிறேன். விருந்தாளிகள் முன் நான் தொண்டையைக் கனைத்தாலே என் மனைவி, "நாற்பத்தோராயிரமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். போகட்டும். அந்த எண் இல்லாவிட்டால் நான் இல்லை. அப்பா வேலை பார்த்த துறைமுக அலுவலகத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். எங்கள் வீட்டில் இரண்டு பேர், நானும் என்னைவிட ஒரு வயது மூத்த அக்காவும். என் புள்ளியைப் பார்த்த அப்பா என்னை அனுப்பினார். நான் துறைத்தலைவர் ஆனேன். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்திக்கொண்டிருக்கிறாள். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, போன சனிக்கிழமை வரைக்கும்.

கம்ப்யூட்டர் அக்காவின் கடைப் பரணில் இருந்தது. அது ஓடுகிறதா என்று பார்க்க, கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு பழைய குழாய் டிவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தந்தாள். கப்பலில் இன்ஜினியராக இருந்த சித்தப்பா ஒருமுறை ஊர் வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. தட்டச்சுப் பலகை மட்டும்தான். மீதிக்கு வீட்டு டிவி. விளையாட்டு கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டரை இணைத்து ஓடவிட்டால் ஐந்து நிமிடம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறகு விளையாட்டு வரும், அல்லது வராது.

எனக்கு வரவில்லை. மூன்று முறை ஓடவிட்டேன், மூன்று முறையும் திரையில் பிழைச் செய்தி. முனைவர் பட்டம், இருபத்தெட்டு வருட அனுபவம், எதுவும் அந்தக் கேசட்டிடம் செல்லுபடியாகவில்லை.

"நகருடா" என்றாள் அக்கா. கண்ணாடிப் பிரேம் முடுக்கும் குட்டித் திருப்புளியால் ரிக்கார்டருக்குள் இருந்த ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினாள். "சத்தத்தை அந்தச் சிவப்புப் பொட்டுக்கு நேரா வை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மறந்துட்டியா?"

ஒலிக் குமிழின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. நகப்பூச்சு. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அந்தப் பொட்டு என் கண்டுபிடிப்பு என்று வகுப்பில் பெருமை அடித்திருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு நகப்பூச்சு எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கேசட் நான்காவது முறையாகக் கத்தத் தொடங்கியது. அந்த ஐந்து நிமிட நேரத்தில் அட்டைப்பெட்டியைக் குடைந்தேன். விளக்கப் புத்தகத்தின் நடுவே நான் தேடிய புகைப்படம் இருந்தது.

அந்தக் காலத்தில் எடுத்த புள்ளிக்கு அத்தாட்சி கிடையாது. சுவிட்சை அணைத்தால் அதோடு போச்சு. அதனால் திரையைப் போட்டோ எடுத்துவைப்போம். அறையை இருட்டாக்கி, பிளாஷ் போடாமல் எடுக்க வேண்டும். இந்தப் படத்தில் யாரோ அவசரத்தில் பிளாஷ் போட்டுவிட்டிருந்தார்கள். திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வெடித்து எண்ணை விழுங்கிவிட்டது. முதலில் ஒரு நான்கும் கடைசியில் ஒரு பூஜ்யமும்தான் மிச்சம்.

"அப்பா எடுத்தது" என்றேன். "நான் ஜாய்ஸ்டிக்கோட உக்காந்திருக்கேன், அப்பா பின்னாடி நின்னு எடுத்தாரு. அவருக்குப் பிளாஷ் பத்தியெல்லாம் என்ன தெரியும்?"

அக்கா படத்தை வாங்கினாள். லென்ஸில் கீறல் பார்க்கும் உருப்பெருக்கியைப் பழக்கதோஷத்தில் கண்ணில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். கேசட் கத்திக்கொண்டே இருந்தது.

"டேய். டிவி கண்ணாடியில ஆள் தெரியுது."

"யாரு?"

"நீயே பாரு."

பார்த்தேன். பிளாஷ் எண்ணை விழுங்கினாலும் அறையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. திரையின் வளைந்த கண்ணாடியில் இரண்டு பேர். நின்றுகொண்டிருந்தவன் முகத்தில் வெளிச்சம் வெடித்திருந்தது. முகம் தெரியவில்லை, ஆனால் அரைக்கால்சட்டையும் குச்சிக் காலும் என்னுடையவை. கேமரா என் கையில். கீழே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். ஜாய்ஸ்டிக் அவள் மடியில்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இது வேற நாளா இருக்கும்" என்றேன்.

"நாலுல ஆரம்பிக்கிற அஞ்சு இலக்கம் வேற எந்த நாள்ல வந்துச்சு? ஒரு தடவைதானே வந்துச்சு."

"ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே! ஜாய்ஸ்டிக் என் கையில இருந்துச்சு. திரையில அந்த எண் இருந்துச்சு. அப்பா உள்ள வந்தாரு, என்னை அறைஞ்சாரு, அப்புறம் திரையைப் பார்த்தாரு, அப்படியே நின்னுட்டாரு. கட்டித் தழுவினாரு. எல்லாமே கண்ணுக்குள்ள இருக்கு."

"ஏன் அறைஞ்சாரு?"

நாற்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். அறையைத் தவிர்த்துவிட்டுத்தான் சொல்வேன். சாதனை செய்த பிள்ளையை ஏன் அடித்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தபோது முதலில் வந்தது காட்சி இல்லை, வாசனை. எதுவோ தீய்ந்த வாசனை.

"பால்" என்றாள் அக்கா, நான் கேட்காமலே. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அம்மாவுக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரியில பகல் டூட்டி. போகும்போது பாலை அடுப்புல வெச்சு, பார்த்துக்கோன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. நான் ஆட்டத்துல உக்காந்துட்டேன். நாப்பதாயிரம் தாண்டினதும் நீ குதிச்ச. அப்பாவோட கேமராவை எடுத்துட்டு வந்து படம் பிடிச்ச. அப்பதான் தீய்ஞ்ச வாசனை வந்துச்சு. உன்கிட்ட 'பிடி'ன்னு குடுத்துட்டு ஓடினேன்."

'பிடி' என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டை நடுவில் நிறுத்த முடியாது. கதவைத் தட்டினாலும் பாத்ரூம் வந்தாலும் விண்கற்கள் விழுந்துகொண்டேதான் இருக்கும், கப்பல் சுட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். எழுந்து போகிறவர் "பிடி!" என்று கத்தி ஜாய்ஸ்டிக்கை நீட்டுவார். மற்றவர் சாகவிடாமல் ஓட்ட வேண்டும். இதற்கு நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம், பென்சிலால் சுவரில்கூட எழுதியிருந்தோம்: பிடித்தவனுக்குப் புள்ளி கிடையாது. பிடித்திருக்கும்போது எத்தனை சுட்டாலும் அது கொடுத்தவர் கணக்கு.

"அப்பா பின்வாசல் வழியா நேரா அடுப்படிக்குத்தான் வந்தாரு" என்றாள் அக்கா. "பாத்திரம் கறுத்துக் கிடக்கு, நான் கையில துணியோட நிக்கறேன். 'யாருடி அந்தச் சனியன்ல உக்காந்திருந்தது'ன்னு கத்தினாரு. எனக்கு உயிரே போச்சு. தம்பிதான்பா, நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி."

"ஆமா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடி எனக்கு விழுந்தது. அதன் பின்னாலேயே வகுப்பும் விழுந்தது. அக்கா ஓர் அறைக்குப் பயந்து சொன்ன ஒரு வரியில் நான் துறைத்தலைவர் ஆகிவிட்டேன். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன நஷ்டம்? நஷ்டப்பட்டவள் அவள்.

"அப்ப நான் ஏன் சும்மா இருந்தேன்?" என்று அவளிடமே கேட்டேன். இதைவிட வெட்கக்கேடு உண்டா? என் பொய்க்கு இன்னொருத்தியிடம் விவரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நீ சும்மா இருக்கல. 'நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்'னு அழுதுட்டே சொன்ன. அப்பாவுக்கு அது என்னன்னு புரியல. அதுக்குள்ள அவர் எண்ணைப் பார்த்துட்டாரு. மறுநாள் ஆபீஸ் பூரா சொல்லிட்டாரு."

"மறுநாள்?"

"மறுநாள் நீயும் சொல்ல ஆரம்பிச்சுட்ட."

கேசட் கத்துவதை நிறுத்தியது. திரை கறுத்து, நட்சத்திரங்கள் வந்தன. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"வகுப்புக்கு என் பேரைக் குடுத்தப்ப நீயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லணும்னுதான் இருந்தேன். பால் விஷயம் வெளிய வருமேன்னு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு மாசம்." உருப்பெருக்கியைத் துடைத்து உறையில் போட்டாள், திரும்ப வெளியே எடுத்தாள். "அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நீ சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். நிஜமாத்தான் சொல்றேன். உன் கல்யாணத்துல நீ அந்தக் கதையைச் சொன்னப்ப நான் கைதட்டினேன், என் தம்பின்னு பெருமையா. இப்ப இந்தப் படத்தைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு அந்தப் பால் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. பாலைத் தீயவிட்டவ நான், நாப்பதாயிரம் எடுத்தவன் நீ. அப்படித்தான் இருந்துச்சு."

"இப்ப கோவமா இருக்கியா?"

"தெரியலடா. இருக்கணும்னு தோணுது. யார் மேலன்னுதான் தெரியல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடியும். மறைத்தவனுக்கும் பூசணிக்காய்க்கும் சேர்ந்தே மறந்துபோனால் போதும்.

சட்டைப் பையில் நாற்பது சொல் மடித்து இருந்தது. காலையில் எழுதியது, 'நான்' என்று தொடங்கியது. எடுத்துப் பார்க்கவே கூசியது. 'நான்' என்பதை அடித்துவிட்டு 'என் அக்கா' என்று எழுதினால் அடுத்த வரி என்ன? அவள் எடுத்தாள், அதனால் நான் படித்தேன் என்றா? படிக்கிற மாணவன் என்னைப் பைத்தியம் என்பான். நானும் மறுக்க மாட்டேன்.

"தள்ளு" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். மடியில்தான் வைத்துக்கொண்டாள், படத்தில் இருந்த மாதிரியே. முதல் கப்பல் உடனே வெடித்தது. இரண்டாவது கொஞ்சம் தாங்கியது. மூன்றாவதில் அவள் முகம் மாறிவிட்டது. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, திரையின் ஓரத்திலேயே கப்பலை நிறுத்திவைத்து, கற்களைத் தன்னிடம் வரவிட்டுச் சுட்டாள். நான் ஒருநாளும் அப்படி ஆடியதில்லை. நடுவில் நின்று கண்டபடி சுடுவதுதான் என் வழக்கம். நாற்பதாயிரம் எப்படி எடுத்தீர்கள் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் சொல்லித்தருவது மட்டும் இந்த ஓரத்து உத்தியை. பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் இத்தனை காலமும் செய்ததாக நினைத்திருக்கிறேன்.

இருபதாயிரம் போனது. முப்பது போனது. முப்பத்தேழாயிரத்தில் முன்கடையின் மணி அடித்தது. வாசலில் ஒரு பெரியவர், கண்ணாடி வாங்க வந்தவர்.

"பிடி!" என்று அக்கா என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பிடித்தேன். அவள் நிறுத்தியிருந்த ஓரத்திலேயே கப்பலை வைத்துக்கொண்டு சுட்டேன். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்துப் பார்த்தார். பிறகு கதவிடுக்கு வழியாகப் பின்னறையை எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, முப்பத்தொம்பதாயிரம்! எவ்வளவு தெளிவாத் தெரியுது! சார் பிரமாதமா ஆடறீங்களே."

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கப்பல் போய்விடும்.

"நான் ஆடலீங்க" என்றேன். "பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

பெரியவருக்குப் புரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கல்லாப் பக்கத்தில் அக்காவின் கை நின்றுவிட்டதை டிவி கண்ணாடியில் பார்த்தேன்.

"சாகவிட்டுடாதடா" என்றாள். "வந்துட்டேன்."