அக்னெஸின் நேர்த்தி

வன்னிச் சண்டைக்குள் அகப்பட்ட தம்பி ஜெறோமின் சேதி வரும்வரை இறைச்சி தொடுவதில்லையென்று மடு மாதாவுக்கு நேர்ந்திருந்தாள் அக்னெஸ். அவளைவிடக் கண்டிப்பாக அந்த நேர்த்தியைக் காத்தவர் கணவர் அருமைநாதன்தான். அவளுக்கென்று தனிச்சட்டி, தனிக்கரண்டி.

இன்று மகள் றொசானாவின் பிறந்தநாள். சைனா டவுன் சாப்பாட்டுக் கடையொன்றில் அரைமணி நேரம் வரிசையில் நின்று இடம் பிடித்தார்கள். வாட்டிச் சிவந்த வாத்தை வெட்டி அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். காலையிலிருந்து வாய் திறவாத மனுஷன் மகளுக்கு ஒரு துண்டு வைத்தார். அடுத்ததை யோசனையில்லாமல் அக்னெஸின் தட்டில் வைத்தார்.

நல்ல சேதியென்றால் வீடே அதிரச் சொல்லியிருப்பார்.

"எப்பயப்பா ஃபோன் வந்தது?" என்று அக்னெஸ் அவரிடம் கேட்டாள்.

அவர் மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விடிய. பிள்ளை சாப்பிட்டு முடியட்டும் எண்டு..."

அக்னெஸ் அந்தத் துண்டை எடுத்து மகளின் தட்டில் வைத்தாள்.

"ஆறமுதல் சாப்பிடு, குஞ்சு."