பை மாற்றப் பழகியவர்

சிறுநீரகப் பிரிவில் அந்த நர்ஸின் வேலை ஊசி போடுவதல்ல, கற்றுக்கொடுப்பது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வயிற்றில் ஒரு குழாய் பொருத்தியிருப்பார்கள். அதன் வழியாகப் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, பையிலிருக்கும் புது மருந்துத் தண்ணீரை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். குழாயின் நுனியில் விரல் பட்டால் போதும், கிருமி உள்ளே போய்விடும். அதனால் யாராவது ஒருவர் பிசகில்லாமல் தனியாகச் செய்துகாட்டும்வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. சொன்னதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தன் குரலே சலித்துப்போயிருந்தது.

இந்த முறை வந்தவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். நோயாளி அவர் மனைவி. சர்க்கரை அந்த அம்மாவின் சிறுநீரகத்தோடு நிற்காமல் கண்ணையும் பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தது. ஆகவே பழக வேண்டியவர் டிரைவர்தான்.

பார்த்தால் மனதில் நிற்குமா, கேட்டால் நிற்குமா, செய்துபார்த்தால் நிற்குமா என்று முதல் நாளே அவரிடம் கேட்டாள். பயிற்சி வகுப்பில் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்: ஆளைப் பார்த்துப் பாடம் நடத்து.

"பாத்தாப் போதும் சிஸ்டர். வண்டியே பாத்துத்தான் கத்துக்கிட்டேன்" என்றார்.

வீடியோ காட்டினாள். சுவரில் ஒட்டிய படங்களை விரல் வைத்து விளக்கினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பையைக் கையில் கொடுத்ததும் முகக்கவசம் போட மறந்து மூடியைத் திறந்தார். சரி, இவர் கையால் கற்கிறவர் போலிருக்கிறது என்று பயிற்சிக் குழாயை அவர் இடுப்பில் கட்டித் திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள். விரல்கள் நன்றாகத்தான் ஓடின. வரிசைதான் தப்பியது. தப்பத் தப்ப அவர் வாய் மூடிக்கொண்டது. தலைமை நர்ஸ் வேறு, படுக்கை எப்போது காலியாகும் என்று தினமும் எட்டிப்பார்த்துக் கேட்டாள்.

ஒரு மதியம் அவளுக்கு நிற்க முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்து, நீங்களே செய்யுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டுப் பேசாமலிருந்தாள். டிரைவர் வடிகுழாயைத் திறந்தார். பயிற்சித் தண்ணீர் பேசினில் சொட்டியது. அடுத்து என்ன என்று தெரியாமல் அவர் கை அந்தரத்தில் நின்றது.

"கிளிப்பை மூடுங்க. தண்ணிச் சத்தம் நிக்கலையே." பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த மனைவி சொன்னாள்.

"மூடறேன். பறக்காதே."

"அடுத்து மூடி. நுனியத் தொடாதீங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் நேத்து தொட்டீங்களாக்கும்."

"நேத்து நேத்தோட போச்சு" என்றபடியே புதுப் பையை மாட்டினார். வாய்ச்சண்டை முடியும்போது வேலையும் முடிந்திருந்தது. எங்கும் பிசகில்லை. இத்தனை நாளும் நர்ஸ் சொன்னதெல்லாம் அந்த அம்மாவின் காதில் வரிசை குலையாமல் ஏறியிருக்கிறது.

வண்டி பழகியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நர்ஸ் அவரிடம் கேட்டாள். அண்ணன்தான் என்றார். வாய் ஓயாமல் திட்டுவானாம், இவரும் விடாமல் பதில் கொடுப்பாராம். பார்த்துக் கற்றதாகச் சொன்ன மனிதர்! தான் எப்படிக் கற்றோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

ஆனால் ஒருவர் தனியாகச் செய்தாக வேண்டும் என்பது விதி. அந்த அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தால் யார் எடுத்துச் சொல்வது? நர்ஸுக்கு யோசிக்கவே களைப்பாக இருந்தது.

"அம்மா பேசறதையும் நீங்களே பேசுங்க. பதிலும் நீங்களே சொல்லுங்க" என்றாள் கடைசியில்.

"பாக்கறவங்க பைத்தியம்னு நினைப்பாங்க சிஸ்டர்."

"முகக்கவசத்துக்குள்ள வாய் அசையறது யாருக்குத் தெரியப்போவுது?"

மனைவியைச் சக்கர நாற்காலியில் வராந்தாவுக்கு அனுப்பினாள். டிரைவர் கூச்சத்தோடு முணுமுணுக்கத் தொடங்கினார். கிளிப்பை மூடுங்க. மூடறேன். நுனியத் தொடாதீங்க. தெரியும். அந்த 'தொடாதீங்க'வில் மனைவியின் இழுப்புகூட இருந்தது. முதல் தடவை ஓரிடத்தில் தயங்கினார். அடுத்தடுத்த நாட்களில் தயக்கம் போயிற்று. வாரக் கடைசியில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுமாதம் பரிசோதனைக்கு வந்தார்கள். வடிந்த தண்ணீர் தெளிவாக இருந்தது, கிருமி இல்லை. டிரைவர் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அந்த அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டைக்குப் பட்டன் போடறப்பகூட முணுமுணுக்கறார் சிஸ்டர். என்கிட்ட சண்டைக்கே வர்றதில்ல. என் பங்கையும் அவரே பேசி முடிச்சுடறார்."

வாசலில் அடுத்த குடும்பம் காத்திருந்தது. நர்ஸுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் சிரித்தாள்.