ஆறிப்போன மூன்றாவது கட்டை

ஆய்வுக்கூடத்தின் வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் அவள் நின்றாள். இன்று சோதனையின் பதினான்காவது நாள். காலையிலிருந்து அக்கா மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.

அக்காவின் அடுக்குமாடியில், நிலவறைத் தூண்களில் சிலந்தி வலை மாதிரி விரிசல். அந்தக் கட்டடத்தின் ஜல்லியை ஆறு வருடத்துக்கு முன் சோதித்து "நல்ல கல்" என்று கையெழுத்துப் போட்டவள் இவள்தான். அந்தத் தைரியத்தில்தான் அக்கா அங்கே வீடு வாங்கினாள். இப்போது அதே குவாரிக் கல்லை வரவழைத்து மறுபடி சோதிக்கிறாள்.

சில கற்களில் உள்ள சிலிக்காவுக்கு சிமெண்டின் காரம் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே ஒரு பசை ஊறும். அது தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கட்டடத்தில் இதற்கு வருடங்கள் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால், கல்லைப் பொடித்து சிமெண்டோடு சேர்த்து, ஒரு சாண் அளவைவிடக் கொஞ்சம் நீளமான கட்டைகளாக வார்த்து, எண்பது டிகிரி காரநீரில் ஊறப்போடுவார்கள். பதினான்கு நாளில் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குக்கு மேல் நீண்டால் அந்தக் கல்லை நம்பக்கூடாது.

முதல் கட்டையை எடுத்து, துடைத்து, நீளம் காட்டும் டயலுக்கு அடியில் நிறுத்தினாள். 1.2. அடுத்தது 1.2. மூன்றாவது 1.3.

பக்கத்து மேசையில் மணல் நிறுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். எதையும் எடை போட்டே பேசுவதால் அவருக்குத் தராசு என்று பெயர்.

"ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"தாண்டிடுச்சுண்ணே. அன்னைக்கு இதே கல்லு தாண்டல."

"கல்லு என்ன, மனுஷனா மாத்தி மாத்திப் பேச?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து, இலேசாக்க நினைத்துச் சொன்னார்: "பத்து நிமிஷம் வெளிய வெச்சு ஆறவிடு. எல்லாக் கல்லும் நல்ல கல்லாயிடும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சூடு தணிந்தால் கட்டை சுருங்கும். அதனால்தான் ஒன்றை அளந்து, திரும்பத் தொட்டியில் இறக்கிய பிறகே அடுத்ததை எடுக்கவேண்டும். பீரோவைத் திறந்து பழைய நோட்டைத் தேடிப் புரட்டினாள். பதினான்காம் நாள்: 1.2, 0.9, 0.8. சராசரி ஒன்றுக்குள்.

ஒரே கலவையில் வார்த்த கட்டைகள் படிக்கட்டு மாதிரி இறங்குமா? சோதனை தொடங்கிய நாளில், ஒப்பிடுவதற்கான அளவை ஒவ்வொன்றாகத்தான் சூட்டோடு எடுத்திருந்தாள். கடைசி நாளில் அவசரம். மறுநாள் அஸ்திவாரம் போடப்போகிறார்கள், அதற்குள் வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டும் என்று அக்கா போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். மூன்றையும் ஒன்றாக எடுத்துத் துண்டில் வரிசையாக வைத்தது இப்போது கண்ணில் நின்றது. பேசிக்கொண்டே அளந்திருக்கிறாள். முதல் கட்டை மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

தராசு நோட்டைப் பார்த்தார். மணலை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

போன் அடித்தது.

"என்னடி ஆச்சு? பூச்சு விரிசல்தானே? மாமா கிட்ட நான் அடிச்சுச் சொல்லிட்டேன், என் தங்கச்சி பார்த்த கல்லுன்னு."

"பூச்சு இல்லக்கா." "அன்னைக்கு நான் தப்பா அளந்துட்டேன். அந்தக் கல்லு ஆகாது."

மறுமுனையில் அக்கா கேட்டாள், "சரி. அதை எப்படி சரி பண்றது?"

தூணுக்குள் போன கல்லை யார் திரும்ப எடுப்பது? தெரிந்த ஒரே வழியைச் சொன்னாள். "நான் இன்னைக்கே அந்த ரிப்போர்ட்டை ரத்து பண்ணி எழுதிக் குடுக்கறேன். இன்ஜினியருங்க வந்து பாக்கணும். அதுவரைக்கும் தூண்ல ஈரம் படாம பாத்துக்கங்க. தண்ணி கிடைக்கலன்னா அந்தப் பசை அவ்வளவா உப்பாது."

"ஈரமா?" அக்காவின் குரல் தேய்ந்தது. "நிலவறைல போன மழைலேர்ந்து முழங்கால் அளவு தண்ணி நிக்குதுடி."