மீட்புப் படையின் மார்க்கவசம்

அந்த வசந்தத்தில் ஹல் துறைமுகத்தின் மேல் எதிரி விமானங்களின் குண்டு விழாத இரவே அபூர்வம். விடிந்ததும் ஹெஸ்டர் பிணக்கிடங்குக்குப் போய்விடுவாள். செத்தவர்களின் உடம்பில் குண்டுச் சில்லு எங்கே நுழைந்தது, எவ்வளவு ஆழம் போனது என்று பார்ப்பது அவள் வேலை. பலரைக் கொன்றது பார்லி மணி அளவு இரும்புத் துணுக்குதான். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, அதே அளவு இரும்புக் குண்டுகளை சதைக்குப் பதிலாக வைத்த ஜெலட்டின் கட்டிக்குள் சுட்டுப் பார்ப்பாள். முன்னால் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை நிறுத்தினால் பெரும்பாலும் உள்ளே போகவில்லை.

தகடுகளைக் கித்தானில் வைத்துத் தைத்து ஒரு மார்க்கவசம் செய்தாள். அதற்கு அனுமதி தரவேண்டிய அரசாங்கக் கமிட்டிக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். டாங்கிக்கே எஃகு பற்றவில்லை; இந்தக் கனத்தை எவன் சுமப்பான்? யாராவது போட்டுக்கொண்டு வேலை செய்து காட்டட்டும் என்றார்கள்.

அவள் கணவன் ஆம்ப்ரோஸ், இடிபாட்டில் சிக்கியவர்களை வெளியே எடுக்கும் மீட்புப் படையில் இருந்தான். கவசத்தைப் போட்டுப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடி, என்னை இரும்படுப்பு ஆக்கிட்டே? உள்ள கரி போட்டா டீ கொதிக்கும் போல."

"கேலி போதும். கழட்டினேன்னு தெரிஞ்சா வீட்டுப் பக்கம் வராதே."

"உத்தரவு, மகாராணி."

தோள்பட்டை புண்ணாகியும் அவன் முனகவில்லை. மே மாதத்தில் ஒரு காலை, அவன் கூட்டாளி லென்னி புழுதி படிந்த முகத்தோடு வாசலில் நின்றான். கையில் கவசம்.

"இடிபாட்டுக்குள்ள ஒரு பொம்பளை மாட்டிக்கிட்டாம்மா. சந்து ரொம்பக் குறுகல், இதைப் போட்டுட்டு நுழைய முடியல. கழட்டிட்டுத்தான் போனான். அவளை இழுத்துட்டு வெளிய வந்தப்போ தெருவுல இன்னொரு குண்டு விழுந்துச்சு."

"அந்தப் பொம்பளை?"

அவளும் இல்லை என்று லென்னி தலையை ஆட்டினான்.

வேறு யாரும் ஆம்ப்ரோஸின் உடலைத் தொடக்கூடாது என்று ஹெஸ்டர் தானே பரிசோதித்தாள். இடது விலாவில் சின்னத் துளை. தகடு மறைத்திருக்க வேண்டிய இடம்.

"அன்னிக்குப் போட மறந்துட்டாருன்னு கமிட்டிக்கு எழுதுங்களேன்," என்றார் உடன் வேலை பார்த்த டென்பி. "கழட்டினாருன்னு எழுதினா நம்ம கதை முடிஞ்சுது."

"அடுத்தவன் இதைப் போட்டுட்டு அந்தச் சந்துல சிக்கிக்கிட்டா? அதுக்கு யாரு பதில் சொல்றது?"

நடந்ததை நடந்தபடியே எழுதினாள். செய்தவளின் புருஷனே கழற்றி எறிந்துவிட்டான் என்று கமிட்டி கோப்பை மூடியது. சந்தில் நுழையும்படி மெலிதாக மாற்றித் தருகிறேன் என்று அவள் மன்றாடியது யார் காதிலும் ஏறவில்லை.

அவளுடைய அளவுகள் மட்டும் வீண்போகவில்லை. எந்த அளவுச் சில்லு, எந்த வேகத்தில், நெஞ்சைத் துளைக்கும்? எதிரியின் மேல் போடக் குண்டு செய்கிறவர்களுக்கு அது வேண்டியிருந்தது. ஹெஸ்டரை அவர்களிடமே வேலைக்கு மாற்றினார்கள்.

"உயிரைக் காப்பாத்த எடுத்த அளவு அது. போகாதீங்க," என்றார் டென்பி.

"நான் போகலேன்னா அளவு பொய்யாயிடுமா?" என்றாள் ஹெஸ்டர். திங்கட்கிழமை ரயிலில் ஏறினாள்.