ஒன்பதாம் தடத்தின் பூஜ்யம்

இரண்டாவது கிலோமீட்டர் கல்லை எட்டியபோது மணி எட்டேகால். படிவத்தை எடுத்து, ஒன்பதாம் தடம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். போட்டுவிட்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பத்தொன்பது வருடமாக வனத்துறையில் இரலை மான் எண்ணுகிறேன். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு மான்காரி என்று பெயர். ஏதோ மானோடு துள்ளி விளையாடுகிறேன் என்று அவர்களுக்கு நினைப்பு. நூல் பிடித்த மாதிரி நேராக நடக்க வேண்டும். பேசக் கூடாது, இருமல் வந்தாலும் விழுங்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போய், கண்ணில் பட்டால் எத்தனை, எவ்வளவு தூரத்தில் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒன்றும் படாவிட்டால் பூஜ்யம். நடக்கவே இல்லையென்றால் பூஜ்யம் போடக் கூடாது, கட்டத்தில் கோடு போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மண்டையில் ஏறாது. "பூஜ்யமும் எண்ணிக்கைதான், அதுக்கும் கால் வலிக்க நடக்கணும்" என்று வருடா வருடம் அவர்களிடம் கத்துவேன். என்ன வாய் எனக்கு!

இந்தத் தடத்தில் இது மூன்றாவது வருடப் பூஜ்யம். மூன்று வருடம் தொடர்ந்து பூஜ்யம் விழுந்தால் அந்தத் துண்டில் இரலை இல்லை என்று வரைபடத்தில் சிவப்படித்துவிடுவார்கள். சிவப்படித்த நிலத்துக்கு அப்புறம் கேள்வி கேட்க ஆளில்லை. குறுக்கே தார்ச்சாலை போட வேண்டும் என்ற மனு ஏற்கெனவே ஆபீஸ் மேசையில் இருக்கிறது.

வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். தண்ணீர் இல்லாத, வண்டி இறங்க முடியாத பள்ளம். அதற்கு அப்பால் கடைசி எண்ணூறு மீட்டரும் இடுப்புயர ஒட்டுப்புல். அதற்குள் போய்விட்டு முள் ஒட்டாமல் யாரும் வெளியே வர முடியாது. இன்று அதன் நடுவில் ஒரு குவியல் புழுக்கை பார்த்தேன். ஆண் இரலை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து போடும். மேலே கிடந்தவை இன்னும் காயவில்லை. ஆனால் உயிரோடு கண்ணில் பட்டால்தான் கணக்கு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். புல்தான் ஆடியது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நான் இந்தப் புல்லுக்குள் வரவேயில்லை. ஓடையை நெருங்கும்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம். தடத்தில் நடக்கும்போது ஹாரன் அடித்தால் மான் மிரண்டு ஓடிவிடும் என்று டிரைவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அடிக்கிறான் என்றால்? விழுந்தடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். என் வீட்டுக்காரர் படியில் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓடுகிற வண்டியிலேயே படிவத்தை முடித்தேன். கோடு போட வேண்டிய கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கோடு போட்டால் காரணம் எழுத வேண்டும், மறுபடி வந்து நடக்க வேண்டும். அங்கே போனால் அந்த மனிதர் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "வேலையை விட்டுட்டு நீ எதுக்கு வந்தே?" என்றார். அன்று ஆத்திரத்தில் அழுதேன். என் பேன்ட்டில் ஒரு முள்கூட இல்லை என்பது வீட்டுக்கு வந்து துவைக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

அடுத்த வருடம் ஒன்றாவது கண்ணில் படும், என் பொய் தானாகக் கரைந்துவிடும் என்று இருந்தேன். போன வருடம் ஒழுங்காக நடந்தேன். பூஜ்யம். இந்த வருடமும் நடந்துவிட்டேன்.

எழுந்து ஓடைக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தபோது டிரைவர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். என்னைவிட நாலு வயது சின்னவன், எனக்கு முன்னாலேயே தலை நரைத்தவன். என் முகத்தைப் பார்த்ததும் மான் பட்டதா என்று கேட்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"மேடம்கிட்ட சொல்லிடப் போறேன் தம்பி."

எதை என்று அவன் கேட்கவில்லை. ஹாரன் அடித்தவன் அவன்தானே.

"ஆறின புண்ணை எதுக்குக்கா கிளறுறீங்க? உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தான். பேசாம இருந்துட்டுப் போங்களேன்."

"பேசாம இருந்ததாலதான் இவ்வளவு தூரம் வந்துச்சு."

"உங்க வேலை போனா மான் வந்து சோறு போடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நேராக ஆபீஸுக்கு விடச் சொன்னேன்.

அதிகாரி மேடத்துக்கு என் மகள் வயதுதான். நல்ல பெண், வள்ளென்று விழமாட்டாள். சுவரில் வரைபடம். ஒன்பதாம் துண்டு சிவப்பு ஆகவில்லை, பென்சில் மட்டும் சீவி மேசையில் இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை, ஹாரன், மணிக்கட்டு, பூஜ்யம். காயாத புழுக்கையையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் முதுகிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

மேடம் பழைய படிவத்தைத் தேடி எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தாள். நிதானமாக அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டுக் கோடு போட்டாள். சிவப்புப் பென்சிலை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"மத்ததெல்லாம்?" என்றாள்.

"மத்ததெல்லாம்னா?"

"பத்தொம்பது வருஷத்துல எத்தனை பூஜ்யம் போட்டிருப்பீங்க? இருநூறு இருக்குமா? அதெல்லாம் நடந்து போட்டதுன்னு நான் எதை வச்சுக்கா நம்புறது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேலை போகும் என்று பயந்துகொண்டுதான் வந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சலோடு நடந்தது, பாம்பைத் தாண்டி நடந்தது, கொட்டுகிற மழையில் நடந்தது எல்லாம் பூஜ்யம் பூஜ்யமாக அந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது. ஒன்றுக்கும் சாட்சி இல்லை. சாட்சிக்கு ஒரு மான் நின்றிருந்தால் அது பூஜ்யமே இல்லையே.

"இன்னிக்கு நடந்தேன் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குனிந்து, பேன்ட்டில் தொடைவரை அப்பிக் கிடந்த புல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இன்றைய படிவத்தின் பக்கத்தில் மேசைமேல் வைக்க ஆரம்பித்தேன். மேடம் தடுக்கவில்லை. வாசலில் டிரைவர் வந்து நிற்பது தெரிந்தது, நிமிரவில்லை. விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. இடது காலிலேயே இன்னும் நிறைய இருந்தது.